ஈரக் கோணியும் கல்கத்தாவும்: மீன்பிடிப் போட்டியில் காசும் தராசும்



போன ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மாணவன் என்றால் அவனுக்கே இப்போது 50 தாண்டிவிட்டது. காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். கையில் ஒரு கிலோ சங்கரா மீனும், செல்போனில் ஒரு நோட்டீசும் கொண்டுவந்திருந்தான். அவன் அக்கா பிள்ளைகளும் நண்பர்களும் சேர்ந்து ஒரு தூண்டில் மீன்பிடிப் போட்டி நடத்தப் போகிறார்களாம். ராடு, ரீல் எல்லாம் வைத்து மீன் பிடிக்கும் இளைஞர்கள் இப்போது நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 500 ரூபாய், பெரிய மீனுக்குப் பரிசு.

"சார், எடை போடற இடத்துல நீங்க வந்து நிக்கணும். கணக்கு வாத்தியார் நின்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். "ஒரு வாரம் டைம் குடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இந்தப் போட்டிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்காகத் தொடங்கியது

நமக்கு மீன்பிடிப்பு என்றால் தொழில். வலை, விசைப்படகு, டீசல் செலவு, பங்கு, ஏலம். வெள்ளைக்காரர்களில் ஒரு கூட்டத்துக்கு அது பொழுதுபோக்கு. எண்ணூரே ஒரு காலத்தில் மதராஸ் துரைமார்கள் ஓய்வுக்கு வந்துபோன இடம்தான். மதராஸ் சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரி, இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1873இல் ஒரு புத்தகம் எழுதினார். எந்த மீன், எவ்வளவு பவுண்டு என்று கணக்கு வைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கணக்கிலிருந்துதான் போட்டி பிறந்தது.

கடல் மீன்பிடிப் போட்டியின் கதை அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு அருகில் உள்ள கேட்டலீனா தீவில் இருந்து தொடங்குகிறது. 1898 ஜூன் மாதம் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் தூண்டிலிலும் ரீலிலும் 183 பவுண்டு, அதாவது சுமார் 83 கிலோ எடையுள்ள சூரை மீனைப் பிடித்தார். அதே வருடம் அவாலான் என்ற ஊரில் ஒரு டூனா கிளப் உருவானது. பெரிய மீன் பிடித்தவருக்கு அங்கே கொடுத்த மரியாதை சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு பட்டன். காசு முக்கியமில்லை. எந்தக் கயிற்றில், யார் உதவியும் இல்லாமல் பிடித்தாரா என்பதுதான் கேள்வி.

இந்த விதிகளை உலகம் முழுவதற்கும் ஒன்றாக்க 1939இல் நியூயார்க்கில் ஒரு சர்வதேச அமைப்பு தொடங்கப்பட்டது. சுருக்கமாக ஐ.ஜி.எஃப்.ஏ. என்பார்கள். இன்றும் பல போட்டிகள் அதன் விதிகளைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மீன் மாட்டிய பிறகு வேறு ஒருவர் ராடைத் தொடக் கூடாது. சோதித்துச் சான்று பெற்ற தராசில் எடை போட வேண்டும். படகு ஆடும், தராசு முள்ளும் ஆடும், அதனால் கடலில் போட்ட எடை செல்லாது, கரையில் போட்டதுதான் கணக்கு. கரைக்கு ஏற்றும் முன்பே சுறாவோ, படகின் இறக்கையோ மீனின் சதையைக் கிழித்திருந்தால் அந்த மீன் கணக்கில் சேராது.

கியூபாவில் 1950இல் எழுத்தாளர் ஹெமிங்வே பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. 1960இல் அதில் தனிநபர் பரிசை வென்றவர் யார் தெரியுமா? ஃபிடல் காஸ்ட்ரோ. ஹெமிங்வே கையாலேயே கோப்பையை வாங்கினார். ஒரு நாட்டின் தலைவருக்கும் பரிசு ஒரு கோப்பைதான்.

கோப்பை போய் கோடி வந்தது

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் பிக் ராக் போட்டி 1957இல் தொடங்கியது. மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் ஒயிட் மார்லின் ஓப்பன் 1974இல் தொடங்கியது. மார்லின் என்பது நம் காசிமேட்டுக்கு வரும் மயில் கோலாவுக்கு அண்ணன் முறை. ஈட்டி போல மூக்கு, ஆள் உயரத்தைத் தாண்டிய உடம்பு.

2023இல் ஓஷன் சிட்டியில் 640.5 பவுண்டு, அதாவது சுமார் 290 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நீல மார்லினுக்குக் கிடைத்த பரிசு 62 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 50 கோடி ரூபாய். தட்டச்சுப் பிழை இல்லை, 50 கோடிதான்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? கம்பெனி விளம்பரத்தில் இருந்து என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பெரும்பகுதி அப்படி வருவதில்லை. போட்டியாளர்கள் போட்ட பணமே சுற்றி அவர்களில் ஒருவருக்குப் போகிறது. நம்மூர் ஏலச்சீட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை வரும், இங்கே வராது.

நம் பையன்கள் போட்டியையே உதாரணமாக வைத்துக் கணக்குப் போடுவோம். பழைய பழக்கம், விடமாட்டேன்.

60 பேர் தலைக்கு 500 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 30,000. இதில் 10 சதவீதம் நடத்துபவர்களின் செலவுக்கு என்று 3,000 எடுத்துவிடுவோம். மீதி 27,000. இதை 50, 30, 20 சதவீதமாகப் பிரித்தால் முதல் பரிசு 13,500, இரண்டாம் பரிசு 8,100, மூன்றாம் பரிசு 5,400. இதுவரை எல்லோருக்கும் புரியும்.

இப்போது அதே போட்டிக்குள் இன்னொரு உண்டியல் வைக்கிறார்கள். விருப்பம் இருப்பவர்கள் மட்டும் கூடுதலாக 2,000 ரூபாய் போடலாம். 20 பேர் போடுகிறார்கள். 40,000. அதிலும் 10 சதவீதம் போக 36,000. இந்த உண்டியலில் காசு போட்ட 20 பேரில் யாருடைய மீன் பெரியதோ, அவருக்கே மொத்தமும்.

இப்போது பாருங்கள். முத்து என்று ஒருவர், 500 மட்டும் கட்டியவர், போட்டியிலேயே பெரிய மீனைப் பிடிக்கிறார். அவருக்கு 13,500. ராஜா என்று ஒருவர், உண்டியலிலும் போட்டவர், இரண்டாவது பெரிய மீனைப் பிடிக்கிறார். அவருக்கு 8,100ம், உண்டியலின் 36,000ம் சேர்த்து 44,100. இரண்டாவது மீனுக்கு முதல் மீனைவிட மூன்று மடங்குக்கு மேல் பணம்!

அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் இப்படிப் பல உண்டியல்கள் உண்டு. அன்றாடம் பெரிய மீனுக்கு ஒன்று, மொத்தப் போட்டிக்கு ஒன்று, ஒவ்வொரு மீன் வகைக்கும் ஒன்று. எல்லா உண்டியலிலும் பணம் போட்ட படகுக்குத்தான் அந்தக் கோடிகள் கிடைக்கும். பெரிய மீனைப் பிடித்தும், உண்டியலில் போடாததால் சொற்பத்தோடு திரும்பிய படகுகளும் உண்டு.

சரி, இந்த உண்டியலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன? இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கல்கத்தா!

ஆமாம். அமெரிக்கக் கடற்கரையில் மீன்பிடிப் போட்டியின் பந்தயப் பணத்துக்குப் பெயர் 'கல்கத்தா'. "நீ கல்கத்தாவில் சேர்ந்திருக்கிறாயா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நம் கட்டுமரம் அங்கே போய் 'கேட்டமரன்' ஆனது நமக்குத் தெரியும். அந்தப் படகில் ஏறி நம் நாட்டின் இன்னொரு பெயரும் போயிருக்கிறது.

இது வந்த வழி குதிரைப் பந்தயம். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா டர்ஃப் கிளப், இங்கிலாந்தில் ஓடும் டெர்பி குதிரைப் பந்தயத்தை வைத்து இங்கே ஒரு குலுக்கல் நடத்தியது. சீட்டு வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் ஆளுக்கொரு குதிரையின் பெயர் விழும். நல்ல குதிரை விழுந்தவரிடம் இருந்து அந்தச் சீட்டை மற்றவர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். ஏலப் பணமும் பரிசுத் தொகையில் சேரும். இந்த முறைக்கே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோல்ஃப் விளையாட்டுக்குப் போனது, பிறகு மீன்பிடிப் போட்டிக்கும் வந்து சேர்ந்தது. இப்போது மீன் போட்டிகளில் ஏலம் பெரும்பாலும் இல்லை, நேராகப் பணம் கட்டுகிறார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத்தைத் தடுக்க 1974இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று தீர்ப்பளித்தது. லாட்டரியைத் தமிழக அரசு 2003இல் தடை செய்தது. அதற்கு முன்பு எங்கள் தெருவில் சம்பள நாளன்று லாட்டரிக் கடை வாசலில் நின்ற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். மாத ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். தூண்டில் போடுவது திறமைதான். ஆனால் உண்டியலில் கூடுதல் காசு போடுவதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், பாக்கெட்டில் காசு இருந்தால் போதும்.

பணம் பெருகினால் தராசு மேல் பாரம்

பட்டனுக்காகப் பிடித்த காலத்தில் யாரும் பொய் சொன்னால் அவருக்கே வெட்கம். கோடிக்காகப் பிடிக்கும்போது அப்படி இல்லை. எனவே விதிகள் இறுகின. மூன்று சம்பவங்களை மட்டும் சொல்கிறேன்.

2010, பிக் ராக் போட்டி. 'சைட்டேஷன்' என்ற படகு 883 பவுண்டு, அதாவது 400 கிலோ நீல மார்லினைக் கொண்டுவந்தது. கரையில் ஒரே ஆரவாரம். பிறகுதான் தெரிந்தது, படகில் இருந்த உதவியாள் ஒருவரிடம் மீன்பிடி உரிமம் இல்லை. மீன் தகுதி இழந்தது. மீன் உண்மை, எடை உண்மை, ஒரு காகிதம் இல்லை.

2016, ஒயிட் மார்லின் ஓப்பன். 76.5 பவுண்டு வெள்ளை மார்லின். அந்த வருடம் தகுதி எடையான 70 பவுண்டைத் தாண்டிய ஒரே வெள்ளை மார்லின் அதுதான். பரிசு 28 லட்சம் டாலர், அன்றைக்குச் சுமார் 19 கோடி ரூபாய். அங்கே வெற்றி பெற்றவர்களைப் பணம் கொடுக்கும் முன் பொய் கண்டறியும் கருவியில் சோதிப்பது விதி. இவர் அதில் தேறவில்லை. காலை 8.30க்கு முன்பே தூண்டிலைத் தண்ணீரில் இறக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடந்து, 2017இல் நீதிமன்றம் பணம் அவருக்கு இல்லை என்றது. பரிசு மற்ற வெற்றியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

2023, மறுபடியும் பிக் ராக். 'சென்சேஷன்' என்ற படகு 619.4 பவுண்டு மார்லினைக் கொண்டுவந்தது. கிடைத்திருக்க வேண்டியது சுமார் 35 லட்சம் டாலர். மீனின் உடம்பில் சுறா கடித்த காயம் இருந்தது. நான் முன்பு சொன்ன விதி ஞாபகம் இருக்கிறதா? தகுதி இழப்பு. 484.5 பவுண்டு மீன் பிடித்த படகு முதல் பரிசைப் பெற்றது. சுறா கடித்தால் சதை குறையத்தானே செய்யும், அதற்கு ஏன் தண்டனை என்று நீங்கள் கேட்கலாம். கடிபட்ட மீன் போராடும் வலுவை இழந்துவிடும், அதைப் பிடிப்பது சமமான போட்டி ஆகாது என்பது விதியின் நியாயம்.

கடல் இல்லை, ஈரி என்ற நன்னீர் ஏரிதான் என்றாலும், 2022 செப்டம்பரில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியவில்லை. எடை போட்ட போட்டி இயக்குநருக்கு ஒரு சந்தேகம். இந்த அளவு மீனுக்கு இந்த எடை வராதே! எல்லோர் முன்னிலையிலும் வயிற்றை அறுத்தார். உள்ளே ஈயக் குண்டுகள், கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகள். பிடித்த இருவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். தராசு முள் ஏமாந்த இடத்தில் ஒரு மனிதனின் கண் ஏமாறவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. மலேசியாவில் பகாங் மாநிலத்தின் ரொம்பின் கடலில் மயில் கோலா போட்டி நடக்கிறது. அங்கே மீனைப் பிடித்து மறுபடி கடலில் விட்டுவிட வேண்டும். ஒரு மீனுக்கு இத்தனை புள்ளி. தராசே வேண்டாம், மீனும் பிழைக்கும். எண்ணூர் முகத்துவாரம் 2017 ஜனவரி கப்பல் மோதலிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்திலும் எண்ணெய் குடித்த இடம். அங்கே மிஞ்சியிருக்கும் மீனுக்கு இந்த முறைதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

காசிமேட்டின் கண்

அந்த இயக்குநர் கண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்குக் காசிமேட்டுப் பெண்கள் ஞாபகம் வந்தது. விடியற்காலை ஏலத்தில் போய் நின்று பாருங்கள். கூடை கூடையாக, குவியல் குவியலாக ஏலம் போகும். எல்லாவற்றையும் தராசில் வைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. வாங்கும் அம்மாக்கள் குவியலை ஒரு பார்வை பார்ப்பார்கள், ஒரு மீனைக் கையில் தூக்குவார்கள், விலை சொல்வார்கள். நூறு கிராம்கூடப் பெரும்பாலும் பிசகாது. பிசகினால் அன்றைய வீட்டுச் செலவு போச்சு. அதுதான் அவர்களுக்குப் பரீட்சை.

இனி என் சங்கடத்துக்கு வருகிறேன்.

1986 பொங்கல். எங்கள் பகுதி இளைஞர் மன்றம் ஒன்று கோலம், சைக்கிள் போட்டிகளோடு தூண்டில் போட்டியும் வைத்தது. கட்டணம் 2 ரூபாய். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். எடை போடும் பொறுப்பு கணக்கு வாத்தியாரான எனக்கு. பழைய பேப்பர் கடையில் இருந்து கொக்கி வைத்த ஸ்ப்ரிங் தராசு ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொடுவா ஒன்று கொண்டுவந்தான். கொக்கியில் மாட்டினேன். 2 கிலோ 100 கிராம். எல்லோரும் கை தட்டினார்கள். நேரம் முடியப் போகும்போது இன்னொருவர் ஓடிவந்தார். அவர் மீன் ஈரக் கோணியில் சுற்றியிருந்தது. சிறப்பு விருந்தினர் கிளம்ப வேண்டும் என்று மன்றத்தார் அவசரப்படுத்தினார்கள். கோணியோடு அப்படியே மாட்டினேன். 2 கிலோ 250. குடம் அவருக்குப் போனது.

பையனின் அம்மா கூடைக்காரம்மா. மேடைக்குக் கீழே அந்த மீனை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"வாத்தியாரே, இந்த மீனு ரெண்டு கிலோ வராது" என்றார்.

நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "தராசு பொய் சொல்லாதும்மா."

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி தராசைத் திருப்பிக் கொடுக்கும் முன், அங்கே கிடந்த அந்தக் கோணியைத் தனியாக மாட்டிப் பார்த்தேன். ஈரம் கொஞ்சம் காய்ந்துபோன பிறகும் 300 கிராம் காட்டியது. 2,250இல் 300 போனால் 1,950. அந்த அம்மாவின் கை சொன்னதுதான் சரி. தராசு பொய் சொல்லவில்லை, நான்தான் கழிக்க மறந்தேன். காலி டப்பா எடையைக் கழித்து மீதி எடை காண்பது எப்படி என்று வருடா வருடம் கரும்பலகையில் போட்டவன் நான்.

மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரிசு கொடுத்தாகிவிட்டது, மேடையில் கை தட்டியாகிவிட்டது, வாத்தியார் தப்பு செய்தார் என்று ஊர் பேசுமே என்ற பயம். அந்தப் பையன் அதன் பிறகும் என் வகுப்பில் ஒன்றரை வருடம் படித்தான்.

அவன்தான் போன ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீனோடு வந்தவன்.

நேற்று அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான்.

"தெரியும் சார். அம்மா வூட்டுக்கு வந்தவுடனே சொல்லுச்சு, கோணி வெயிட்டு வாத்தியாருக்குத் தெர்ல டான்னு. சாவுற வரிக்கும் அந்தக் கொடத்தப் பத்திப் பேசிக்கினே இருந்துச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை மகனிடம் சொன்னேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, "வுடு சார். இந்த தபா கோணிய தனியா போட்டுரு" என்றான்.

நான் வைத்த நிபந்தனைகள்

எடை போடும் இடத்தில் நிற்க ஒப்புக்கொண்டேன். ஆனால் சில நிபந்தனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு ஊரில் நடத்துபவர்களுக்கும் பயன்படலாம்.

1. முத்திரை போட்ட தராசுதான். போட்டிக்கு முன்னும் பின்னும் 5 கிலோ எடைக்கல்லை எல்லோர் முன்னிலையிலும் வைத்துக் காட்ட வேண்டும்.

2. மீனை மட்டும் எடை போட வேண்டும். கோணி, கவர், ஐஸ் எதுவும் கூடாது. தட்டில் வைத்தால் தட்டு எடையை முதலில் எழுதிக் கழிக்க வேண்டும்.

3. முதல் மூன்று மீன்களின் வயிற்றை அங்கேயே அறுத்துப் பார்க்க வேண்டும்.

4. எடை போட ஒரு மணி அடிக்கும் நேரம். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கிடையாது. ஒரே எடை வந்தால் முதலில் எடை போட்டவருக்கு.

5. வந்த பணம், போன செலவு, பரிசுத் தொகை மூன்றையும் போர்டில் எழுதி வைக்க வேண்டும்.

6. கல்கத்தா கிடையாது. 500 கட்டியவன் எல்லோரும் ஒரே வரிசை. மீனவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமே வேண்டாம்.

7. முடிவு சொன்ன பிறகு ஒரு மணி நேரம் பரிசு கொடுக்கக் கூடாது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல்லலாம். சிறப்பு விருந்தினருக்கு அவசரம் என்றால் அவர் கிளம்பட்டும்.

எட்டாவதாக நானே சேர்த்தது ஒன்று. தராசுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி, இன்னொரு நாற்காலியில் காசிமேட்டில் மீன் விற்ற அனுபவம் உள்ள ஒரு அம்மா. அவர் மீனைக் கையில் தூக்கி ஒரு எடை சொல்வார். தராசும் அவரும் ரொம்ப வேறுபட்டால், மறுபடி எடை போடுவோம்.

"சரி சார், எங்க பெரியம்மா வரும்" என்றான் மாணவன்.

தடைக்காலம் முடிந்த பிறகுதான் போட்டி. அந்தப் பக்கம் வந்தால் தராசடிக்கு வாருங்கள். தப்பு கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். இந்த முறை கேட்டுக்கொள்வேன்.